தழும்பும் நம் உடலே

பிப்ரவரி 5-ஆம் நாள் புனித ஆகத்தாவின் நினைவு நாள். 3-ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் கத்தானியா நகரில் மறைசாட்சியான அவருடைய மார்பகங்கள் சித்திரவதையின்போது அறுக்கப்பட்டன என்பது திருச்சபையின் மரபு. முதல் நற்கருணை மன்றாட்டில் அவர் பெயர் இன்றும் ஒலிக்கிறது. நம் பாட்டிமாருள் சிலர் ஆகத்தம்மாள் என்ற பெயரைத் தாங்கி வாழ்ந்தனர். ஆயினும் அந்தப் புனிதை எதை இழந்தார் என்பதை நாம் வாய்விட்டுச் சொல்வதில்லை.

புதுவை இருதய ஆண்டவர் பசிலிக்காவில் ஞாயிறுதோறும் முன் வரிசையில் அமரும் சகோதரி ஒருவர், மார்பகப் புற்றுநோய்க்கான அறுவைச் சிகிச்சைக்குப் பின் கடைசி வரிசைக்கு மாறிக்கொண்டார். மரியாயின் சேனையினர் இருவரோடு அவர் இல்லம் சென்றோம். "உயிர் தப்பியதே, நன்றி சொல்லுங்கள், உடல் அழியக்கூடியதுதானே" என்றோம். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "நன்றி சொல்லாத நாளில்லை, அக்கா. ஆனால் குளிக்கும்போது அழுகை வந்துவிடுகிறது. அழுவது பாவமா?" என்று கேட்டார். கூடத்துக் கண்ணாடி சுவரைப் பார்த்தவாறு திருப்பி மாட்டப்பட்டிருந்தது. விடை கூறாமலே திரும்பினோம்.

நாம் அன்று கூறிய ஆறுதல் பக்தியுள்ளதாகத் தோன்றினும், நம் விசுவாசத்திற்கு முற்றும் பொருந்துவதன்று. ஆன்மா அணிந்து கழற்றும் சட்டையே உடல் என்று நாம் நம்புவதில்லை. உடலின் உயிர்ப்பை நம்புவதாகவே அறிக்கையிடுகிறோம். கடவுள் மனிதரானபோது உடல் எடுத்தே வந்தார். உடல் இத்துணை மதிப்புடையதாயின், அதன் ஓர் உறுப்பை இழந்து வருந்துவது வீண் பெருமையாகுமா? இலாசரை உயிர்ப்பிக்கப் போவதை அறிந்திருந்தும் அவன் கல்லறையருகே ஆண்டவர் கண்ணீர் விட்டார். நம்பிக்கையும் கண்ணீரும் ஒரே நெஞ்சில் குடியிருக்கக் கூடும்.

ஆனால் இங்கே மற்றொரு வினா எழுகிறது. உடல் அவ்வளவு மதிப்புடையதென்றால், உறுப்பை இழந்தவள் குறைந்தவளா? நம் தமிழ் மரபே இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. மதுரையை எரித்தபின் ஒரு மார்பு இழந்தவளாய் வேங்கை மர நிழலில் நின்ற கண்ணகியைக் கண்ட மலைக்குறவர், அவளைத் தெய்வமாகவே வணங்கினர். அவள் இழந்ததை அவர்கள் காணாமலில்லை. கண்டும் அவளை முழுமையானவளாகவே ஏற்றனர். உயிர்த்த ஆண்டவரும் தம் உடலின் காயங்களை அழித்துவிட்டு வரவில்லை. மாட்சி பெற்ற உடலிலும் தழும்புக்கு இடமுண்டு.

எனினும் இதையே சுமையாக்கிவிடக் கூடாது. ஆண்டவர் தம் காயங்களைத் தெருவெங்கும் காட்டவில்லை. தாம் தேர்ந்த சீடர்க்கே காட்டினார். தழும்பை மறைப்பதும் வெளிப்படுத்துவதும் அவளுக்கே உரிய உரிமை. செயற்கை மார்பகம் அணிவதோ, சீரமைப்பு அறுவை செய்துகொள்வதோ பாவமன்று. அவற்றை வேண்டாமென்பதும் குறையன்று. நோய் கடவுள் விடுத்த தண்டனை எனச் சொல்வதுதான் குற்றம். பிறவிக் குருடனைப் பற்றிச் சீடர் அவ்வாறு எண்ணியபோது இயேசு மறுத்தார்.

மருத்துவமும் இதைக் காலந்தாழ்த்தியே கற்றது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் ஹால்ஸ்டெட், மார்பகத்தோடு நெஞ்சுத் தசைகளையும் அகற்றும் முறையைப் பரப்பினார். 1970-களில் தொடங்கி பெர்னார்டு ஃபிஷர் நடத்திய ஆய்வுகள், தொடக்க நிலையில் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு அளித்தாலும் உயிர் பிழைப்போர் தொகை குறைவதில்லை எனக் காட்டின. ஆக, வேளையோடு வருபவருள் பலர்க்கு மார்பகத்தையும் காக்க இயலும். இந்தியப் பெண்களை மிகுதியாகத் தாக்கும் புற்றுநோய் இதுவே. நம் ஊரிலேயே ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. ஆனாலும் கட்டி தென்பட்ட பின்னும் வெட்கத்தால் மாதக்கணக்கில் வாய் திறவாத பெண்கள் உண்டு. அந்த வெட்கத்தை வளர்த்ததில், பெயரைச் சொல்லவும் கூசிய நமக்கும் பங்குண்டு.

தன்னை ஏற்றல் என்பது அவள் மட்டும் தனியறையில் முயன்று பெறும் வெற்றியன்று. நாம் பார்க்கும் பார்வையே அவளுக்கு முதற்கண்ணாடி. கணவன் முகம் திருப்பாதிருப்பதும், மாமியார் பழி கூறாதிருப்பதும், பங்கு மக்கள் இரக்கக் கண்ணோடு உற்று நோக்காதிருப்பதும் அவளுக்கான மருந்தின் பகுதிகளே.

மீண்டும் ஒருமுறை அச்சகோதரியைக் காணச் சென்றோம். "அழுவது பாவமன்று. அன்று நாங்கள் சொன்னதுதான் பிழை" என்றோம். அவர் மெல்லச் சிரித்து, கூடத்துச் சுவரைக் காட்டினார். கண்ணாடி நேராக மாட்டப்பட்டிருந்தது. "இன்னும் முழுவதும் பார்க்கவில்லை, அக்கா. முகம் மட்டும் பார்க்கிறேன்" என்றார்.