நிறமும் குணமும்



தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலே உத்தமபாளையம் என்றோர் ஊர் உண்டு. அவ்வூர்ப் பாறையொன்றில் பார்சுவநாதர் முதலிய தீர்த்தங்கரர் திருவுருவங்கள் புடைப்புச் சிற்பங்களாக விளங்குகின்றன. அருகில் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. பாண்டிய நாட்டு மலைகள் பலவற்றில் திருமேனிகள் செய்வித்த அச்சணந்தி முனிவரின் பெயர் இங்கும் காணப்படுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் சமயம் தழைத்த இடம் அது. அம்மலையின் பெயர் திருக்குணகிரி. குணத்தைப் பெயராகக் கொண்ட அம்மலையை எண்ணுந்தோறும், இன்று நம் இல்லங்களில் குணத்தினும் நிறமே பெரிதாகிவிட்டதே என்ற கவலை எழுகிறது.

பெண் பார்க்கும் பேச்சுத் தொடங்கினால், “பெண் நல்ல நிறமா?” என்பதே முதல் வினாவாக வருகிறது. உடலின் நிறம் நாமகருமத்தின் பயன் என்பது நம் ஆகமக் கொள்கை. அது உயிரின் குணமன்று. தீர்த்தங்கரர் இருபத்துநால்வரில் பதினறுவர் பொன்னிறத்தர், இருவர் வெண்ணிறத்தர், இருவர் செந்நிறத்தர், இருவர் பச்சை நிறத்தர், முனிசுவிரதரும் நேமிநாதரும் கருநிறத்தர். திருமலையில் சுமார் 16 அடி உயரத்தில் நிற்கும் நேமிநாதரைக் கைகூப்பி வணங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து மகளின் கருமையைக் குறையென்று சொல்லுவது எவ்வளவு பெரிய முரண்பாடு!

இம்முரண்பாடு உயிருக்கே இடர் விளைப்பதும் உண்டு. அண்டை மாநிலமான கேரளத்தின் கோட்டக்கல்லில், 2021 முதல் 2023 வரை சிறுநீரக வடிகட்டியைத் தாக்கும் ஒருவகை நோயுடன் வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேருக்கு அந்நோயின் அரிய வகை ஒன்று இருந்தது. அப்பதினைவருள் 13 பேர் முகம் வெளுக்கும் களிம்பு பூசியவர்கள். அத்தகைய களிம்புகளில் கலந்த பாதரசமே காரணம் என்று அறியப்பட்டது. பாதரசம் தோலில் மெலனின் என்னும் நிறமி உண்டாவதைத் தடுத்து வெண்மையைக் காட்டும். பின்னர்த் தோலின் வழியே குருதியிற் கலந்து சிறுநீரகத்தைச் சென்றடையும். வெயிலின் கொடுமையிலிருந்து தோலைக் காப்பது அந்த மெலனினே. நம்மைக் காக்கும் காவலனை அழிக்க நஞ்சை விலை கொடுத்து வாங்குகிறோம். பூசுவதை நிறுத்திய பின் பெரும்பாலோர் நலம் பெற்றனர் என்பது ஆறுதல். 2020-ஆம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகள் பாதரசச் சேர்மங்கள் கலப்பதைத் தடை செய்துள்ளன. ஆயினும் தயாரித்தவர் பெயரும் உரிம எண்ணும் இல்லாத சிமிழ்கள் இன்றும் கைமாறுகின்றன. அத்தகையவற்றைத் தொடாதிருப்பதே அறிவுடைமை.

நிற மயக்கம் அடுக்களையிலும் புகுந்துள்ளது. கம்பம் பள்ளத்தாக்கை ஒட்டிய போடிநாயக்கனூர் ஏலக்காய் வாணிகத்துக்குப் பெயர்பெற்ற ஊர். ஏலக்காயின் சிறப்பு அதன் மணத்திலே உள்ளது. வாங்குவோர் கரும்பச்சையையே நாடுவதால், சாயமேற்றி விற்கும் கலப்படம் தோன்றுகிறது. சட்டம் அதைக் குற்றமென்கிறது. ஏலக்காய்க்குச் சாயமும் முகத்துக்குக் களிம்பும் ஒரே பிழையின் இரு கிளைகளே.

இதற்கு மருந்து நம் சமயத்திலேயே உண்டு. சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டகத்தில் போகோபபோக பரிமாணம் என்னும் குணவிரதத்தை விளக்குகிறார். ஒருமுறை நுகர்வது போகம். மீண்டும் மீண்டும் நுகர்வது உபபோகம். இரண்டுக்கும் அளவு வகுத்துக்கொள்வது பரிமாணம். அளவு வகுக்க வேண்டிய பொருள்களுள் உணவையும் உடலிற் பூசும் பூச்சையும் அவர் ஒரே வரிசையில் வைத்துள்ளார். உயிர்க்கொலையால் வருவனவற்றை மட்டுமன்றி, உடலுக்கு ஒவ்வாத அநிஷ்டத்தையும் விலக்குக என்கிறார். தன் உடலைக் கெடுக்கும் பொருள், கொலை கலவாததாயினும் சிராவகனுக்கு ஆகாது என்பதே இதன் கருத்து.

இவ்வளவுகோலை நம் உணவில் வைத்துப் பார்ப்போம். கிழங்கும் பூண்டும் விலக்கினோம், இரவுணவும் ஒழித்தோம், நன்று. ஆனால் அப்பளமும் ஊறுகாயும் எண்ணெயிற் பொரித்த பலகாரமும் வேளைதோறும் இலையில் விழுந்தால், அவை அநிஷ்டம் ஆகாவோ? ஒருவருக்கு நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், அடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. புலாலுண்ணாத நம்மவருக்கு வைட்டமின் பி12 குறைவது உண்டு. பாலும் தயிரும் ஓரளவு துணை செய்யும். முதியோர் மருத்துவரிடம் சோதித்தறிதல் நலம். மருந்து தேவைப்பட்டால், விலங்கின் எலும்பிலும் தோலிலும் எடுக்கும் ஜெலட்டின் உறையிட்ட மருந்தை விடுத்து, மாத்திரையாகக் கேட்டு வாங்கலாம். இனிப்பு வேண்டின், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை போன்ற பழங்கள் உள்ளன. மருந்து தெளித்து வளர்ப்பவை ஆதலால், வடிகட்டிய நீரில் நன்கு கழுவி உண்ணுக. புட்டியிலடைத்த சாற்றினும் முழுப்பழமே மேல்.

பூச்சிலும் அவ்வாறே. உதட்டுச் சாயத்திற்குச் சிவப்பூட்டும் கார்மைன், பூச்சிகளை உலர்த்திப் பொடித்து எடுக்கப்படுவது. நகை போல் மின்னும் அச்செம்மைக்குள் எண்ணற்ற மூவறிவு, நாலறிவு உயிர்களின் அழிவு மறைந்திருக்கலாம் என்பதை நினைவிற் கொள்க. விலங்குகள்மீது அழகுப்பொருள்களைச் சோதிப்பதை இந்தியா 2014-இல் தடை செய்தது நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் உள்ளே கலந்தது யாதென்று படித்தறியும் கடமை நம்முடையது. மென்மையான சோப்பு, குளித்த ஈரம் உலருமுன் சிறிது தேங்காயெண்ணெய், நண்பகலில் ஒரு குடை. நலமுள்ள தோலுக்கு இவை பெரும்பாலும் போதும். தோலில் நோய் கண்டால் மருத்துவரை நாடுக. கடைக்காரரின் சொல்லை நாடற்க.

இவையெல்லாம் ஒரே நாளிற் கைகூடுமா என்று மலைக்க வேண்டா. வாழ்நாள் முழுமைக்கும் கொள்வது யமம். கால எல்லையிட்டுக் கொள்வது நியமம். ஒரு பகல், ஒரு பக்கம், ஒரு திங்கள் என நியமம் கொள்ள ஆசாரியர் இடமளித்துள்ளார். வரும் சதுர்த்தசி முதல் ஒரு திங்களுக்கு மூன்று நியமங்களை ஏற்போம். உள்ளிருப்பதை அறியாத எப்பொருளையும் பூசோம். பொரித்த பண்டத்தை வாரத்தில் ஒரு நாளைக்கு மேல் உண்ணோம். எவரது நிறத்தையும் குறித்து இழித்தோ உயர்த்தோ பேசோம். இம்மூன்றனுள் மூன்றாவதே கடினமானது. பயனும் அதற்கே மிகுதி. தாயும் பாட்டியும் அதைக் காத்தால், வீட்டுப் பெண் கண்ணாடி முன் கலங்கி நில்லாள். நஞ்சுச் சிமிழுக்கும் அவ்வீட்டில் இடமிராது.

உடல் தூய்மையற்றது, நிலையற்றது என்று அனுப்பிரேட்சையில் சிந்திக்கிறோம். எனினும் தவமும் தானமும் செய்ய இவ்வுடலே கருவி. கருவியைக் கெடாமற் காப்போம். அதற்கு நிறம் பூசி மயங்காதிருப்போம்.

எல்லா உயிரும் இன்புறுக! ஜின தருமம் ஓங்குக!