காணாத வலிக்குச் சாட்சி யார்?



அடியேன் ஓதற்பள்ளியிலும் ஆரம்பப் பாடசாலையிலும் படித்ததற்கு மேல் படித்தவனல்லன். சுங்கை பட்டாணியில் மளிகைக் கடை வைத்துப் பிழைப்பவன். ஆயினும் சென்ற ஒரு வருஷமாய் ஒரு கேள்வி என்னை விடாமல் தொடர்கிறது. அதை நம் அங்கத்தினர் முன் வைக்க விரும்புகிறேன். ஒருவர் தமக்கு வலிக்கிறது என்கிறார். காயம் இல்லை, வீக்கம் இல்லை, காய்ச்சலும் இல்லை. அவர் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அவரை நம்புவது நம்மீது கடமையா, அல்லது நம் இஷ்டமா?

இக்கேள்வி பிறந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி என் கடையில் வேலை பார்த்தார். முப்பது வயதிற்குள் இருக்கும். லாரியிலிருந்து 50 கிலோ மாவு மூட்டை, சீனி மூட்டைகளை இறக்கி உள்ளே அடுக்குவது அவர் வேலைகளில் ஒன்று. 2017ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்குப் பின் இடுப்பு வலிக்கிறது என்று சொல்லத் தொடங்கினார். வைத்தியரிடம் அனுப்பினேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பில் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை நான் தீர்ப்பாக எடுத்துக்கொண்டேன். "படத்தில் ஒன்றுமில்லை" என்பதை "இவரிடம் வலியே இல்லை" என்று படித்துக்கொண்டேன். ஒருநாள் வாடிக்கைக்காரர் இருவர் நிற்கும்போதே, "என்ன தம்பி, மூட்டையைக் கண்டதும் வருகிற வலி, சோற்றைக் கண்டதும் போய்விடுகிறதோ?" என்று கேட்டேன். நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் ஒன்றும் பேசாமல் போய் மூட்டையைத் தூக்கினார். மூன்று மாதம் கழித்து, பெர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டாம் முதலாளி என்று சொல்லி ஊருக்குப் போய்விட்டார்.

நிற்க. சென்ற வருஷம் ஒரு காலையில் எண்ணெய் டின்னைத் தூக்கக் குனிந்த நான் நிமிர முடியாமல் அப்படியே நின்றுவிட்டேன். சில வாரங்களில் குறைந்துவிடும் என்றார்கள். எட்டு மாதமாயிற்று, குறைந்தபாடில்லை. எனக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். எனக்கும் எலும்பில் ஒன்றுமில்லை என்றார்கள். வீட்டிற்கு வந்த மச்சான், "கடைக்குப் போகச் சோம்பலா இருக்கா?" என்று வேடிக்கையாய்க் கேட்டார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தத் தம்பியின் முகமே கண்முன் நின்றது.

அதன் பிறகுதான் இவ்வியாதியைப் பற்றி விசாரிக்கலானேன். என் மகள் படித்துச் சொன்னவற்றையும் வைத்தியர் விளக்கியவற்றையும் சுருக்கமாகத் தருகிறேன். மூன்று மாதத்திற்கு மேல் நீடிக்கும் இடுப்பு வலியை நாட்பட்ட வலி என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020ஆம் ஆண்டில் உலகில் 61 கோடியே 90 லட்சம் பேர் இடுப்பு வலியால் வருந்தினார்கள். இடுப்பு வலிக்காரரில் ஏறக்குறைய 100க்கு 90 பேருக்கு, இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய காரணம் அகப்படுவதில்லை. ஆகவே படத்தில் ஒன்றும் தெரியாமலிருப்பதே பெரும்பாலோரின் நிலைமை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வலியே இல்லாத 3,110 பேரின் முதுகெலும்புப் படங்களைப் பற்றிய 33 ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2015இல் வெளியிட்டார்கள். 40 வயதினரில் 100க்கு 68 பேருக்கு டிஸ்க் என்னும் இடைத்தட்டுகள் தேய்ந்திருந்தன. 50 பேருக்குப் பிதுங்கியே இருந்தன. அவர்களோ வலி என்பதை அறியாமல் நடமாடிக்கொண்டிருந்தார்கள். ஆகவே, படம் சுத்தமாயிருப்பதால் வலி பொய்யாகிவிடாது. படத்தில் தேய்மானம் இருப்பதால் வலி வந்தே தீரும் என்பதுமில்லை.

காயமில்லாமல் எப்படி வலிக்கும் என்று வைத்தியரைக் கேட்டேன். "உங்கள் கடையில் திருடனுக்காக அலாரம் வைத்திருக்கிறீர்கள். திருடன் போன பிறகும் சில சமயம் அது ஓயாமல் அடிக்கிறதல்லவா?" என்றார். நரம்பும் மூளையும் அவ்வாறே விழிப்படைந்து, சிறு அசைவையும் பேராபத்தாய் எண்ணிக் கூவுகின்றனவாம். கவலை, பயம், தூக்கமின்மை எல்லாம் அந்தக் கூவலை அதிகமாக்கும். திருடன் இல்லாவிட்டாலும் நம் காதில் விழும் சத்தம் மெய்யானது. வலியும் அப்படியே.

இந்தச் சந்தேகம் நம் கெடா மாநிலத்தில் புதியதல்ல. பீடோங், பாடாங் செராய், கூலிம் பக்கத்துத் தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். சீக்கு என்றால் டிரெசர் பார்ப்பார். காய்ச்சலைக் காட்டக் கண்ணாடிக் குழாய் உண்டு. வெட்டுக்காயத்தைக் கண்ணே காட்டும். இடுப்பு வலியைக் காட்ட அவரிடம் ஒரு கருவியும் இல்லை. பால்மரத்தில் வெட்டு கீழே இறங்க இறங்க, மரத்துக்கு மரம் குனிந்து வெட்ட வேண்டும். பிறகு இரு வாளிப் பாலைக் காண்டாக் கம்பில் தோளேற்றிச் சுமக்க வேண்டும். அந்த இடுப்புக்கு வலிக்கவில்லை என்றால்தான் ஆச்சரியம். நம்மவர்களும் இதை அறியாதவர்களல்லர். சோற்றையும் ஆணத்தையும் அதே கம்பில் தொங்கவிட்டுத் தெருத்தெருவாய் விற்றவர்கள் நம் முன்னோர்கள். நாசி கண்டார் என்ற பெயரே அந்தக் கம்பினால் வந்ததுதான். இன்று ரப்பர் இருந்த இடங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. குலை வெட்டித் தூக்குகிறவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள். ஆள் மாறியிருக்கிறார்கள், சுமை மாறவில்லை, அவர்கள் சொல்லுக்குள்ள மதிப்பும் மாறவில்லை.

"பொய் சொல்லி ஏமாற்றுகிறவர்கள் இல்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு. கடைக்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள். என் கடையில் 555 புத்தகம் இருக்கிறது. சம்பளத்திற்குத் தருகிறேன் பாய் என்று ஒருவர் சொன்னால், சாட்சியும் கேளாமல் அரிசியும் பருப்பும் கொடுத்து அதில் எழுதிக்கொள்கிறேன். சிலர் ஏமாற்றியும் இருக்கிறார்கள். அதற்காகப் புத்தகத்தை மூடிவிடவில்லை. மூடினால் நாணயமான ஐம்பது குடும்பங்கள் பட்டினி கிடக்கும். அரிசிக்கு ஒருவர் வாக்கை ஏற்றுக்கொண்ட நான், வலிக்கு அவர் வாக்கை ஏன் ஏற்கவில்லை?

இரண்டு நஷ்டத்தையும் தராசில் வைத்துப் பார்த்தேன். பொய்யரை நம்பினால் எனக்கு நஷ்டம் ஒருநாள் கூலி. மெய்யரைச் சந்தேகித்தால் அவருக்கு நஷ்டம் தேகமும் மானமும் பிழைப்பும். முந்தியது என் கல்லாவிலிருந்து போவது. பிந்தியது பிறர் உடைமையிலிருந்து நான் பறிப்பது. ஆகவே நம்புவது நம் இஷ்டமன்று, கடமை என்பதே என் அபிப்பிராயம்.

ஆயினும் நம்புவதிலும் ஒரு தவறு நேர்கிறது. வலியை நம்பியவர்கள் என்னைப் படுக்கையை விட்டு எழாதே என்றார்கள். நானும் அதையே ஸப்ரு என்று எண்ணி இரண்டு வாரம் படுத்துக் கிடந்தேன். இடுப்பு மரத்துப்போய் நிலைமை மோசமாயிற்று. நூறு வெள்ளிக்குமேல் கொடுத்து ஒரு பெல்ட்டும் வாங்கினேன். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியில், நாட்பட்ட இடுப்பு வலிக்குப் பெல்ட்டும் இழுவைச் சிகிச்சையும் அபின் வகை மாத்திரையும் வழக்கமாய்க் கொடுக்க வேண்டாம் என்றும், தேகப் பயிற்சி, வியாதியைப் பற்றிய விளக்கம், மனத்தைத் தேற்றும் சிகிச்சை, பிடித்துவிடுதல் போன்றவை உதவும் என்றும் சொல்லியிருக்கிறார்களாம். ஆஸ்திரேலியாவில் இடுப்பு வலியிலிருந்து தேறிய 701 பேரை வைத்துச் சோதித்து 2024இல் அறிவித்தார்கள். முறையாய் நடைப் பயிற்சியும் விளக்கமும் பெற்றவர்களுக்கு வலி திரும்பி வர நடுத்தரமாய் 208 நாளும், பெறாதவர்களுக்கு 112 நாளும் ஆயினவாம்.

ஆக, நம்பாதவர் மூட்டையைத் தலையில் வைக்கிறார். அரைகுறையாய் நம்பியவர் பாயை விரிக்கிறார். இரண்டும் தவறு. வலிக்காரரை நம்பி, அவரால் இயன்றதைச் செய்யவிட்டு, கொஞ்சங் கொஞ்சமாய்க் கூட்டுவதே முறை. நான் இப்போது சுபுஹுக்குப் பின் கால் மணி நேரத்தில் ஆரம்பித்து முக்கால் மணி வரை நடக்கிறேன். வலி முற்றும் போகவில்லை. ஆனால் அது எனக்கு முதலாளியாய் இருந்த காலம் போய்விட்டது. அல்ஹம்துலில்லாஹ்.

பள்ளிவாசல் விஷயமும் ஒன்று சொல்ல வேண்டும். ஸஃப்பின் ஓரத்தில் நாற்காலி போட்டுத் தொழுகிறவர்களைக் குறித்து, "கடைத்தெருவில் நன்றாக நடக்கிறார், தொழுகைக்கு மட்டும் நாற்காலியோ?" என்று சிலர் முணுமுணுப்பதுண்டு. நானும் முணுமுணுத்தவனே. நடப்பது இலேசாயிருந்தும், தரையில் குனிந்து எழுவது உயிர் போகும் வேதனையாய் இருக்கலாம் என்பதை இப்போது என் தேகம் அறியும். நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதற்கும் இயலாதவர் படுத்தும் தொழ மார்க்கம் இடம் கொடுத்திருக்கிறது. அவர் இயலாமையை அளந்து பார்க்கப் பக்கத்தில் நிற்பவரை அது நியமிக்கவில்லை. அந்தக் கணக்கை ரப்பிடம் ஒப்புவிக்க வேண்டியவர் நாற்காலியில் இருப்பவரே. அவரும் தம் மனசாட்சிக்கு உண்மையாயிருந்து, இயன்ற அன்று எழுந்து நிற்கட்டும்.

முதலாளிமாருக்கு ஒரு வார்த்தை. வயது வந்த ஆண் ஒருவர் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படக் கூடாது என்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1967இல் சிபாரிசு செய்தது. என் மூட்டை 50 கிலோதானே என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டதுண்டு. பிரிட்டிஷ் தொழிற்பாதுகாப்பு இலாகாவின் குறிப்பிலோ ஆணுக்கு 25 கிலோ, அதுவும் இடுப்பு உயரத்தில் உடலோடு ஒட்டிப் பிடித்தால் மட்டும் என்றிருக்கிறது. இப்போது கடையில் தள்ளுவண்டி வாங்கியிருக்கிறேன். பெரிய மூட்டைக்கு இருவர். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளரும் வேலையில் நேரும் விபத்துக்காகச் சொக்சோவில் சேர்க்கப்பட வேண்டியவர்கள். அவர்கள் பெயரைப் பதியத் தவறாதீர்கள்.

வலியுள்ளவர்களும் ஒன்றை நினைவில் வையுங்கள். காலில் பலம் குறைதல், தொடை இடுக்கில் உணர்ச்சி மரத்தல், சிறுநீரோ மலமோ கட்டுப்படாமை, காய்ச்சல், காரணமின்றி உடல் இளைத்தல், விழுந்த பின் வந்த வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு வந்த வலி ஆகியவற்றைத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். அவை சாதாரண இடுப்பு வலியைச் சேர்ந்தவையல்ல.

கடைசியாக, அந்தத் தம்பியின் விஷயம். அடியானுக்கு அடியான் செய்த அநியாயத்தை, அநியாயம் செய்யப்பட்டவர் மன்னிக்க வேண்டும் என்று சிறு வயதில் ஓதியிருக்கிறோம். அவர் ஊர்க்காரர் ஒருவர் மூலம் நம்பர் வாங்கிப் போன மாதம் பேசினேன். அன்று கடையில் சொன்ன வார்த்தைக்கு மாப்புக் கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அதை விடுங்க முதலாளி. உங்களுக்கு இப்போ இடுப்பு எப்படி இருக்கு? உட்கார்ந்து எழும்போது சுவரைப் பிடிச்சுக்கிங்க" என்றார். என் வலிக்கு அவர் சாட்சி கேட்கவில்லை.

அவர் மன்னித்துவிட்டார் என்பதால் என் கணக்கு தீர்ந்ததென்று நான் எண்ணவில்லை. வலியோடு மூட்டை சுமந்த அந்த மூன்று மாதத்திற்கு அவருக்குச் சேர வேண்டியதைக் கணக்கிட்டு, இன்ஷா அல்லாஹ், இம்மாதம் முதல் சிறுகச் சிறுக அனுப்புகிறேன். உங்கள் கடையிலோ வீட்டிலோ தோட்டத்திலோ இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் யாரேனும் இருந்தால், இந்த மடலை மடித்து வைத்துவிட்டு, வலி எப்படி இருக்கிறது என்று அவரை ஒருமுறை கேளுங்கள். கேட்டபின் அவர் சொல்வதை நம்புங்கள்.

வஸ்ஸலாம்.