முஸல்லா விரித்த மல்லன்

பொய்யென்று எல்லோருக்கும் தெரிந்த ஒரு விடயம் யாருக்காவது தீங்கு செய்ய முடியுமா? அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தத்தைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது. வெல்வது யார், தோற்பது யார் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டுவிடும். தூக்கி எறிபவனும் எறியப்படுபவனும் ஒருவருக்கொருவர் ஒத்துழைக்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கும் அது தெரியும். எங்கள் முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தில் கோவலன் வெட்டுண்டால் யாரும் பொலிசுக்கு ஓடுவதில்லை. இதையும் ஒரு கூத்தென்று பார்த்துவிட்டுப் போகலாமே என்பது வழக்கமான சமாதானம்.

இந்தச் சமாதானத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலண்ட் பார்த் 1957இல் வெளியான தனது கட்டுரை நூலில் ஏறத்தாழ இதைத்தான் சொன்னார். மல்யுத்தம் ஒரு விளையாட்டல்ல, ஒரு காட்சி. அது ஏற்பாடு செய்யப்பட்டதா இல்லையா என்பது பார்வையாளனுக்கு ஒரு பொருட்டே இல்லை. நோவும் தோல்வியும் நீதியும் கண்முன் துலக்கமாக நிகழவேண்டும் என்பதே அவனது எதிர்பார்ப்பு என்பது அவரது வாதம். கெட்டவன் அரங்கினுள் நுழையும்போதே அவன் கெட்டவன் என்பதை அவனது உடம்பு சொல்லிவிட வேண்டும். அவர் உடம்பைப் பற்றிப் பேசினார். நான் உடுப்பைப் பற்றிக் கேட்க விரும்புகிறேன்.

1992இல் பிலடெல்பியாவில் தொடங்கப்பட்ட ஈ.சி.டபிள்யூ. என்ற சிறு மல்யுத்த நிறுவனம் 1993இல் உள்ளூர் விளையாட்டு அலைவரிசையொன்றில் தனது வாராந்த நிகழ்ச்சியை ஆரம்பித்தது. பெரிய நிறுவனங்களின் பளபளப்பு அதில் இல்லை. பிங்கோ ஆடும் மண்டபமொன்றில், கைக்கெட்டும் தூரத்தில் சனம் நெருக்கியடித்து நிற்க, மேசைகளை உடைத்தும் கதிரைகளால் அடித்தும் முட்கம்பியில் விழுந்தும் சண்டை பிடித்தார்கள். அடிப்பதற்கென்று பொரியல் சட்டியை வீட்டிலிருந்து கொண்டுவந்து நீட்டிய இரசிகர்களும் இருந்தார்கள். அந்தப் பழைய காட்சிகளை இப்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பார்க்கிறார்கள். யுத்தம் முடிந்த பின் பிறந்த பிள்ளைகள். அவர்களோடு இருந்து நானும் பார்த்தேன்.

அந்த அரங்கின் பெயர்பெற்ற மல்லர்களில் ஒருவர் 'சாபு'. தலையில் அரபுத் துணி, தொளதொளத்த காற்சட்டை, பேசாத வாய், வானை நோக்கி உயர்த்திய ஒற்றை விரல். பைத்தியக்காரனைப் போலக் கட்டிலில் வாரால் பிணைத்து அவரைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். அவிழ்த்துவிட்டால் கயிற்றின்மேல் ஏறி உயிரை வெறுத்துப் பாய்வார். பிள்ளைகளில் ஒருவன் கேட்டான்: "சேர், இவர் எங்கட ஆளா?"

இல்லை. அவர் பெயர் டெரி பிரங்க். மிச்சிகன் மாநிலத்தில் வளர்ந்தவர். 2025 மே மாதம் காலமானார். வேடம் அவருக்கு மாமன் வழியாக வந்தது. மாமன் எட் ஃபர்ஹாட் 1926இல் மிச்சிகனின் லான்சிங் நகரில் ஒரு லெபனான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர். அரங்கில் அவர் 'ஷேக்'. சிரியப் பாலைவனத்திலிருந்து வந்தவர் என்று அறிவிப்பார்கள். சண்டைக்கு முன் முஸல்லா விரித்து, மண்டியிட்டுத் தொழுவதுபோல் காட்டுவார். பிறகு எதிராளியின் நெற்றியைக் கிழிப்பார். முகத்தில் நெருப்பை வீசுவார். சனத்தின் முன்னால் ஆங்கிலம் பேசாமல் பார்த்துக்கொள்வார். டெட்ரோயிட் நகரில் மல்யுத்த நிறுவனத்தை நடத்தியவரும் அவரே.

டெட்ரோயிட்டுக்குப் பக்கத்தில்தான் டியர்போர்ன். ஃபோர்ட் கார்த் தொழிற்சாலையில் வேலை தேடி வந்த லெபனான் முஸ்லிம்கள் பலர் குடியேறிய ஊர். அவர்கள் வீடுகளிலும் முஸல்லா இருந்தது. சண்டை முடிந்ததும் ஃபர்ஹாட் தன்னுடையதைச் சுருட்டிக்கொண்டு போய்விடலாம். மறுநாள் வேலைத்தளத்தில் டியர்போர்ன் தொழிலாளி தனது முஸல்லாவை விரித்தபோது, பார்த்தவர்களின் மனதில் எந்த முஸல்லா தெரிந்திருக்கும்?

அந்த அரங்குகளில் இரத்தம் பெரும்பாலும் உண்மை. சாபுவின் உடம்பெல்லாம் தழும்பு. 1997இல் நடந்த முட்கம்பிச் சண்டையில் கைத்தசை கிழிந்தபோது, அதன்மேல் பட்டியைச் சுற்றிக்கொண்டு தொடர்ந்து மோதினார். முடிவு பொய், இரத்தம் மெய், மார்க்கம் பொய். பார்வையாளன் சந்தேகிப்பது அடியை மட்டுமே: உண்மையிலேயே பட்டதா, படவில்லையா? உடுப்பை அவன் சந்தேகிப்பதில்லை. 'பொய்யென்று தெரியும்' என்ற அறிவு அடிக்கு மட்டுந்தான் காவல் நிற்கிறது. 'இப்படிப்பட்டவர்கள் இப்படித்தான்' என்ற எண்ணம் அந்தக் காவலைத் தாண்டி உள்ளே போய்விடுகிறது.

பிலடெல்பியாச் சனம் சாபுவை வெறுக்கவில்லை என்று ஒருவர் சொல்லலாம். உண்மைதான். அவரது துணிவுக்காக எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆனால் வார்களால் கட்டிக் கொண்டுவரவேண்டிய ஒரு வெறியனுக்கு ஏன் அந்த உடுப்புப் பொருத்தமாக இருந்தது என்பதற்கு அந்தக் கைதட்டல் பதில் அல்ல.

1990இல், வளைகுடா நெருக்கடியை ஒட்டி, டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனம் சார்ஜன்ட் ஸ்லோட்டர் என்ற மல்லரை ஈராக் ஆதரவாளராக்கியது. அதற்குமுன் அமெரிக்கத் தேசபக்தர் வேடத்தில் புகழ்பெற்றிருந்தவர் அவர். பக்தாதில் பிறந்த அத்னான் அல்-கைசி அவருக்குத் துணையாக 'ஜெனரல்' வேடத்தில் வந்தார். 1991 மார்ச் 24ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸில் ஹல்க் ஹோகன் அவரைத் தோற்கடித்தார். அந்த நாட்களில் தனக்குக் கொலை மிரட்டல்கள் வந்ததாக ஸ்லோட்டர் பின்னர் சொல்லியிருக்கிறார். நாடகமென்று அறிந்த நாட்டிலேயே இது நடந்தது.

மல்யுத்தம் நமக்கு அந்நியமல்ல. குறைஷிகளின் பலசாலியான ருகானாவை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மல்யுத்தத்தில் வீழ்த்திய செய்தி ஹதீஸ் நூல்களில் உண்டு. அங்கே வீழ்ந்தது ஒரு மனிதர். ஒரு கூட்டத்தின் உடுப்பு அல்ல. பிறரை வீழ்த்துபவனைவிடக் கோபத்தில் தன்னை அடக்குபவனே வீரன் என்ற கருத்தில் நாயகம் அவர்கள் சொன்னதையும் நாம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். தன்னை அடக்குவது என்பதில் கையை அடக்குவதோடு கண்ணை அடக்குவதும் சேரும் என்றே நினைக்கிறேன். ஒருவனைப் பார்த்ததும் அவன் யாரென்று முடிவுகட்டிவிடும் கண்.

வன்னியில் இருந்துகொண்டு இதை வெறும் அமெரிக்க விவகாரமாக எழுத முடியவில்லை. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், ஆயுதம் வைத்திருந்தவர்களால் வெளியேற்றப்பட்டபோது நமக்கும் ஒரு வேடம் தரப்பட்டது: காட்டிக்கொடுப்பவர்கள். யாரோ சிலர்மேல் இருந்த சந்தேகம், தண்ணீரூற்றில் கடை வைத்திருந்தவருக்கும் நீராவிப்பிட்டியில் வயல் செய்தவருக்கும் தொட்டில் பிள்ளைக்கும் ஒரே அளவில் தைத்த சட்டையாயிற்று. மல்லன் சம்மதித்து வேடம் போட்டான், கூலியும் வாங்கினான். நம்மிடம் யாரும் கேட்கவில்லை. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டில் அந்தத் தரப்பே அது தவறென்று ஒப்புக்கொண்டது. அதற்குள் புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

இதோடு நிறுத்திக்கொண்டால் பாதிக் கணக்குத்தான் ஆகும். 2009க்குப் பின் ஊர் திரும்பிய நமது பேச்சில், 'அவங்கள்' என்ற ஒற்றைச் சொல்லில், நாமும் சட்டை தைக்கிறோம். போகச் சொன்னவனுக்கும், நாம் போகும்போது வேலியருகே நின்று அழுத அயல்வீட்டு அக்காவுக்கும் ஒரே சட்டை. தமிழ்மொழித் தினப் போட்டிக்கு நாடகம் பழக்கும்போது இதைக் கண்ணாலேயே காணலாம். தமிழ்ப் பிள்ளைகள் எழுதினால் ஏமாற்றுகிற கடைக்காரனுக்குத் தொப்பி வந்துவிடும். எங்கள் பிள்ளைகள் எழுதினால் கொடியவனின் நெற்றிக்குத் திருநீறு வந்துவிடும். இரண்டும் பகிடிதான், சனம் சிரிக்கும். கடைசி வாங்கிலில் இருக்கும் ஒரு பிள்ளை மட்டும் சிரிக்காது.

மல்யுத்தம் பார்க்காதே என்று நான் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. நாடகத்துக்கு ஒரு விதி மட்டும் வைத்திருக்கிறேன்: கெட்டவனாக நடிக்கிறவர் தன் வீட்டு உடுப்பிலேயே வரவேண்டும்.

"அப்ப அவன் கெட்டவனெண்டு சனத்துக்கு எப்பிடி விளங்கும், சேர்?" என்று கேட்டார்கள்.

"அவன் செய்யிறதை வச்சு விளங்கட்டும்" என்றேன்.

நாடகம் எழுதுவது அதனால் கடினமாகிவிட்டது. கெட்டவன் என்ன செய்தான் என்று யோசிக்க வேண்டியிருந்தது. அவனுடைய வசனத்தை மூன்று முறை திருத்தி எழுதினார்கள்.