இரகசியம் யாருடைய உடைமை?

துயருற்ற ஒருவர் முன்பின் அறியாத இன்னொருவரின் முன்னே அமர்ந்து, பெற்ற தாயிடமும் கூறாதவற்றைக் கூறுகின்றார். கூறியவை அந்த அறையின் கதவைக் கடந்து செல்லமாட்டா என்ற நம்பிக்கையே அவரைப் பேசவைக்கின்றது. உளவளத்துணை என்று நம் நாட்டிலே பொருத்தமாகப் பெயர் பெற்றிருக்கும் தொழில் முழுவதும் இந்த ஒரு நம்பிக்கையின் மீதே நிற்கின்றது. அங்ஙனமாயின், கேட்டவர் எக்காலத்தும் எதனையும் வெளியிடாதிருக்க வேண்டுமா?

ஆம் என்பர் ஒரு சாரார். ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் மருத்துவர் சபதத்தையும், கத்தோலிக்கக் குருமார் காக்கும் பாவசங்கீர்த்தன இரகசியத்தையும் அவர்கள் சான்று காட்டுவர். பெற்றோருக்குத் தெரியாத இரகசியம் ஒரு பிள்ளைக்கு எதற்கு என்று கேட்பர் மற்றொரு சாரார். ஒன்றுக்கொன்று மாறானவர் போலத் தோன்றும் இவ்விரு சாராரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். இரகசியத்தை அவர்கள் ஓர் உடைமையாகக் கருதுகின்றனர். முன்னவருக்கு அது தொழில்வல்லாரின் உடைமை. பின்னவருக்கோ குடும்பத் தலைவரின் உடைமை. உண்மையில் அது காப்பற்று நிற்கும் ஒருவர் நம்பி ஒப்படைத்த அடைக்கலப் பொருள். அதைக் காப்பதற்கும், தவிர்க்க முடியாத வேளையில் வெளியிடுவதற்கும் நியாயம் ஒன்றேதான்: அங்கே காப்பற்று நிற்பவர் யார் என்பது.

இதனை விளக்கும் வழக்கொன்று அமெரிக்காவில் நிகழ்ந்தது. 1969இல், கலிபோர்ணியாவின் பேர்க்கிளிப் பல்கலைக்கழக மருத்துவமனையிலே சிகிச்சை பெற்ற மாணவன் ஒருவன், தன்னை விரும்பாத பெண்ணொருத்தியைக் கொல்லப்போவதாகத் தன் உளவியலாளரிடம் கூறினான். உளவியலாளர் வாளாவிருக்கவில்லை. பல்கலைக்கழகப் பொலிசாருக்கு வாய்மொழியாக அறிவித்தார், கடிதமும் எழுதினார். பொலிசார் அவனைச் சிறிது நேரம் தடுத்து வைத்துவிட்டு, தெளிவான மனநிலையிலேயே இருக்கின்றான் என்று விடுவித்தனர். மேலதிகாரியான மருத்துவரோ அக்கடிதத்தைத் திருப்பிப் பெற்று, மேற்கொண்டு எதுவும் செய்யவேண்டாம் என்றார். அப்பெண்ணுக்கோ அவள் பெற்றோருக்கோ எவரும் ஒரு சொல்லும் கூறவில்லை. அவ்வாண்டு ஒக்டோபர் 27ஆம் நாள் அவள் கொல்லப்பட்டாள். தரசொஃப் வழக்கு எனப் பெயர் பெற்ற இதில், ஆபத்துக்கு இலக்கானவரைக் காக்கத் தக்க நடவடிக்கை எடுப்பது சிகிச்சையாளரின் கடமை என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1976இல் தீர்ப்பளித்தது.

இரகசியமா, உயிரா என்ற வினாவோடு இவ்வழக்கைப் பேசி முடித்துவிடுவோர் பலர். என்னை உறுத்துவது வேறொன்று. இரகசியம் அங்கே ஏற்கெனவே வெளியாகியிருந்தது. மருத்துவமனை அறிந்திருந்தது, பொலிசாரும் அறிந்திருந்தனர். அறியாதவள் அப்பெண் ஒருத்தியே. அலுவலகம் அலுவலகத்துக்கு எழுதிற்று. அபாயத்துக்கு உள்ளானவளுக்கு எழுதுவது எவர் வேலையாகவும் இருக்கவில்லை. ஆகவே சொல்வதா, விடுவதா என்பதோடு, எவரிடம் சொல்வது என்பதும் அறவினாவின் பாதியாகும். அத்தீர்ப்புக்கு மாறாக நின்ற நீதிபதிகளும் இருந்தனர். வெளிப்படுத்தும் கடமை விதிக்கப்பட்டால் நோயாளர் வாய் திறக்கமாட்டார் என்ற அவர்களின் அச்சத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. அதற்குப் பின்னர் வருவோம்.

தனியார் துறையிலே இரகசியம் என்ன ஆகும் என்பதற்குப் பின்லாந்து நாட்டின் வஸ்தாமோ என்ற நிறுவனம் சான்று. நாடெங்கும் கிளைகள் திறந்து உளச்சிகிச்சையை இலாபத் தொழிலாக நடத்திய கம்பனி அது. அங்கு வந்தோர் மனந்திறந்து பேசியவை குறிப்புகளாகக் கணினியிலே சேமிக்கப்பட்டன. ஆனால் தக்க காவலின்றிக் கிடந்தன. 2020இல், அவற்றைத் திருடியவன் முதலில் கம்பனியிடம் பணம் கேட்டான். கிடைக்காமற்போகவே, துணை நாடி வந்த மனிதர்களுக்கே நேரடியாக எழுதி, ஆளுக்கு 200 யூரோ தராவிடின் உன் கதையை ஊரறியச் செய்வேன் என்று மிரட்டினான். ஏறத்தாழ 33,000 பேரின் அந்தரங்கம் திருடன் கையில் இருந்தது. அவர்களுள் சிறுவரும் இருந்தனர். தகவற் காவல் உடைந்ததை 2019 மார்ச்சிலேயே அறிவித்திருக்க வேண்டிய கம்பனி அறிவிக்கவில்லை என்று கண்டு, அந்நாட்டின் தரவுப் பாதுகாப்பு அதிகாரிகள் 2021இல் 608,000 யூரோ தண்டம் விதித்தனர். நம்பி வந்தோரின் இரகசியத்தைக் காக்கத் தவறிய கம்பனி, தன் குறையை மட்டும் பக்குவமாகக் காத்தது. மனிதத் துயரைச் சரக்காக்கும் அமைப்பிலே இது வியப்புக்குரியதன்று.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கு நிலைமை இன்னும் சிக்கலானது. உளவளத்துணை நிலையத்துக்குப் பதினைந்து வயது மகளைத் தந்தை அழைத்து வருகின்றார் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் கொடுப்பவர் அவர். ஒரு மணி நேரம் கழிந்ததும், “என்னவாம் பிள்ளை சொல்லுறாள்?” என்று கேட்கின்றார். காசு கொடுத்தவனுக்குக் கணக்குக் காட்டவேண்டும் என்பது கடைத்தெருவின் நியதி. உளவளத்துணையாளர் அதற்குப் பணிந்தாராயின், அன்றே அவர் அப்பெண்ணின் துணையாளர் அல்லர்; தந்தையின் வேவுகாரர்.

அந்த அறையிலே அவள் கூறக்கூடிய இரண்டு செய்திகளை எண்ணிப் பாருங்கள். வேறு சாதிப் பையன் ஒருவனை விரும்புகின்றேன் என்பது ஒன்று. வீட்டோடு இருக்கும் சிற்றப்பன் இரவிலே தன்னிடம் தவறாக நடக்கின்றான் என்பது மற்றொன்று. முதலாவதை அறியத் துடிப்பவர் எத்தனை பேர்! பெற்றோர், பெரியப்பா, அதிபர், அயலார் எல்லாரும் அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை தமக்குண்டு என்பர். இரண்டாவதை அறிய எவரும் விரும்பார். அறிந்தாலும் “வெளியிலே சொல்லாதே, குடும்ப மானம்” என்பர். முதலாவது ஒரு பிள்ளையின் உள்ளம். அது மூடிய கதவுக்கு உரியது. இரண்டாவதோ குற்றம், அதை மூடிவைப்பது குற்றவாளிக்குச் செய்யும் சேவை. மானம் என்ற பெயரால் இவ்விரண்டையும் தலைகீழாக்கி வைத்திருக்கின்றது நம் நிலவுடைமைக் குடும்பம்.

“ஒருவரிடமும் சொல்லமாட்டன் என்று சத்தியம் பண்ணுங்கோ” என்று அவள் கேட்டால்? சத்தியம் பண்ணலாகாது. முதல் நாளே, அவள் எதையும் கூறுமுன்னரே, எல்லையைக் கூறிவிடவேண்டும்: உன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றாலோ, உன்னை எவரும் துன்புறுத்துகின்றார் என்றாலோ, அதை மாத்திரம் நான் தனியே வைத்திருக்க முடியாது, மற்றவை யாவும் இந்த அறைக்குள்ளேயே இருக்கும். பின்னர் வெளியிட நேர்ந்தாலும் அவளறியாமல் வெளியிடுவது துரோகம். எவரிடம், எதைச் சொல்லப்போகின்றோம் என்பதை முதலில் அவளிடமே சொல்லவேண்டும். சொல்வதும் தேவையான அளவே, காக்கக்கூடியவரிடமே. பாதுகாக்கும் அதிகாரியிடம் சிற்றப்பனைப் பற்றிக் கூறும்போது, அவள் விரும்பும் பையனைப் பற்றிக் கூறவேண்டியதில்லை.

எல்லையை முன்னரே அறிவித்தால் அவள் பேசாமலே போய்விடக்கூடும். உண்மை; சிலர் போய்விடுவர். அது சிறிய இழப்பன்று. ஆயினும், பொய் வாக்கை நம்பிப் பேசிய பிள்ளை, வாக்கு முறிந்தபின் வாழ்நாளில் எவரிடமும் பேசமாட்டாள். இன்று மௌனமாகச் சென்றவளோ, யாரிடம் போனால் என்ன நடக்கும் என்பதை அறிந்து செல்கின்றாள். ஒரு நாள் திரும்பி வரலாம்.

இதனினும் கடினமான ஆட்சேபம் வேறுண்டு. 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டது. 1998இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைச் சட்டம் வந்தது. 1929 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு. முறையிட்டபின் அப்பிள்ளைக்கு என்ன நேர்கின்றது? சிற்றப்பனின் சம்பளத்தில் வாழும் வீடானால், அடுத்த மாத வாடகையை யார் கொடுப்பார்? பிள்ளை இல்லமொன்றுக்கு அனுப்பப்பட்டுப் பாடசாலையை இழந்தால், வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபட்டால், தண்டனை யாருக்கு? இவற்றுக்கு விடை தேடாமல், அறிக்கை அனுப்பிவிட்டேன், என் கடமை முடிந்தது என்று கோவையை மூடிவைப்பவர், பேர்க்கிளியில் ஒரு கடிதத்தோடு காரியம் முடிந்தது என்றிருந்தவர்களின் வழியிலேயே நிற்கின்றார்.

நிற்க. இதுகாறும் மூடிய கதவைப் பற்றியே பேசினோம். கதவே இல்லாதவரின் நிலை என்ன? பணமுள்ளவர் தனியறையில் அழுகின்றார். ஏழைப் பிள்ளை ஆசிரியர் அறையின் மூலையிலே, கொப்பி திருத்துவோர் காதுபட அழுகின்றது. சட்டமும் இவ்விடயத்தில் விசித்திரமானதே. வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் கூறியதை 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் காக்கின்றது. உளவளத்துணையாளரிடம் கூறியதற்கு அத்தகைய காப்பை அது வழங்கவில்லை. காணி வழக்குக்காரனின் பேச்சுக்கு உள்ள காவல், நொந்த பிள்ளையின் பேச்சுக்கு இல்லை.

விஞ்ஞான கூடமும் விளையாட்டிடமும் கேட்டுப் போராடும் நம் ஆசிரியர் சங்கங்கள், கதவுள்ள ஒரு சிறிய அறையையும், கோவைகளைப் பூட்டிவைக்க ஓர் இரும்பு அலுமாரியையும், அதன் திறப்பு அதிபரின் மேசையில் கிடவாதிருக்கும் ஓர் ஒழுங்கையும் இனியேனும் கேட்கலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது.