ஆர்வம் போன பிறகு

தர்மபுரி தாண்டி, பாளையம் சுங்கச்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடை. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரிமங்கலத்திலிருந்து சேலம் போகும் வழியில் அங்கே வண்டியை நிறுத்தினேன். வண்டிக்குள் அம்மாவும் என் எட்டு வயசு மகளும். நான் கதவைச் சாத்துவதற்குள், பெஞ்சில் உட்கார்ந்திருந்த லாரி டிரைவர் ஒருவர் டீ கிளாஸோடு எழுந்து வந்தார்.

"அண்ணா, பின்னாடி இடது சக்கரம் ஆடுதுங்க."

அவரே குனிந்து வீல் கப்பைக் கழற்றினார். நான்கு நட்டில் இரண்டு, விரலால் திருகும் அளவுக்குத் தளர்ந்து கிடந்தன. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் தொப்பூர் கணவாய். சேலம் பக்கம் போகிறவர்களுக்கு அது முழுக்க இறக்கம். அந்த இறக்கத்தில் நடக்கும் விபத்துகளைப் பேப்பரில் படித்தே வளர்ந்தவர்கள் நாங்கள்.

லாரியிலிருந்து ஸ்பேனரை எடுத்து வந்து நான்கையும் இறுக்கினார். பிறகு கேட்டார்: "எந்த மெக்கானிக்குங்க மாட்டுனது?"

"ஊர்ல ஒருத்தர்," என்றேன்.

"வேலையில கவனமில்லாதவன் கையில வண்டியக் குடுக்காதீங்கண்ணா. உள்ள கொழந்த வேற இருக்குது."

அந்தச் சக்கரத்தை மாட்டியது நான். முந்தின நாள் சாயங்காலம், எங்கள் வீட்டு வாசலில்.

தளர்ந்த நட்டைவிட அந்தப் பொய்தான் என்னை ரொம்ப நாள் படுத்தியது. நட் விஷயத்தில் மறதி என்று சொல்லித் தப்பிக்கலாம். பொய்க்கு அப்படி ஒரு வழி கிடையாது. யோசிக்காமல், ஒரு நொடிகூடத் தயங்காமல், இல்லாத ஒரு மெக்கானிக்கின் மேல் பழியைப் போட்டேன். ஏன்?

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எங்கள் வண்டி 1996 மாடல் மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சிசி, கார்புரேட்டர் வைத்தது. அப்பா அதை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். வாத்தியார் சம்பளத்தில் கார் வைத்துக்கொள்வது என்றால் ரிப்பேர் செலவை மிச்சம் பிடித்தாக வேண்டும். அதனால் கற்றுக்கொண்டார். ஆயில் மாற்றுவது, பிளக்கைக் கழற்றி சுத்தம் செய்து கேப் பார்ப்பது, ஏர் ஃபில்டரைத் தட்டி மாட்டுவது எல்லாம் அவரேதான். எங்கள் பக்கம் போர் தண்ணி உப்பு. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொள்ளும். அதனால் மழைத் தண்ணியை வடிகட்டி ஒரு கேனில் பிடித்து வைத்திருப்பார். அதில் யாராவது கை கழுவினால் அன்றைக்கு வீட்டில் சண்டைதான்.

அப்பாவுக்கு அது சிக்கனம். எனக்கு அது வேறொன்றாக ஆனது. ஐடி வேலையில் இருந்துகொண்டு, சனிக்கிழமை கையில் கிரீஸோடு நிற்பது எனக்கு ஒரு அடையாளம். "எங்க வண்டிய நான்தான் பாத்துக்கறேன்" என்று சொல்வதில் ஒரு கெத்து. மற்றவர்கள் பட்டனை அழுத்தத் தெரிந்தவர்கள், நான் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவன். இந்த நினைப்பு எவ்வளவு சுகமானது என்பது அதை வைத்திருந்தவர்களுக்குத் தெரியும்.

பிறகு அந்த ஆர்வம் போய்விட்டது. எப்போது என்று தேதி சொல்ல முடியாது. காபி பிடிக்காமல் போவது மாதிரி, ஒரு நாள் பார்த்தால் போயிருந்தது. சனிக்கிழமை வந்தால் ஜாக்கியை எடுக்க அலுப்பாக இருக்கும். ஆனாலும் எடுப்பேன். நான் அப்படிப்பட்ட ஆள் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேனே, என்னிடமும் சேர்த்து.

காரணம் கேட்டவர்களிடம் காலத்தைக் குறை சொன்னேன். "இப்ப வர்ற வண்டியில பானெட்டத் தொறந்தா பிளாஸ்டிக் மூடிதான் தெரியும். எல்லாமே சென்சார், ஸ்கேனர் இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது." இதில் உண்மை இருக்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதிகள் வந்த பிறகு இன்ஜின்கள் இன்னும் சிக்கலாகிவிட்டன. பழுது பார்க்கும் உரிமை பற்றி 2022இல் மத்திய அரசு ஒரு குழு அமைத்தபோது, அது எடுத்துக்கொண்ட துறைகளில் ஆட்டோமொபைலும் ஒன்று. ஆனால் என் விஷயத்தில் இது வெறும் சாக்கு. என் வண்டி 1996 மாடல். அதன் பானெட்டுக்குக் கீழே எல்லாமே திறந்துதான் கிடந்தது. மூடிக்கொண்டவன் நான்.

அந்தச் சனிக்கிழமை நடந்தது இதுதான். டயரை முன்னுக்குப் பின் மாற்றிக்கொண்டிருந்தேன். காதில் இயர்போன், அதில் கிரிக்கெட் கமென்ட்ரி. கடைசிச் சக்கரத்தை மாட்டி, நட்டுகளைக் கையால் திருகி, ஜாக்கியை இறக்கினேன். தரையில் இறக்கிய பிறகுதான் எதிரெதிராக முழுசாக இறுக்க வேண்டும். இரண்டை இறுக்கினேன். போன் வந்தது. பேசி முடித்துவிட்டு வந்து வீல் கப்பை மாட்டினேன். அவ்வளவுதான்.

ராபர்ட் பிர்ஸிக் 1974இல் வெளியிட்ட 'ஸென் அண்ட் த ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்' புத்தகத்தில் ஒரு ஒர்க்‌ஷாப் வரும். அங்கே ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். வேலை செய்கிற பையன்கள் நல்லவர்கள்தான், சிரித்த முகம்தான். ஆனால் அவருடைய பைக்கை நாசம் செய்துவிடுவார்கள். அவர்கள் தங்கள் வேலையையே வேடிக்கை பார்ப்பவர்களாக இருந்தார்கள் என்பது பிர்ஸிக் கண்டுபிடிக்கும் காரணம். காலேஜில் அதைப் படித்தபோது, வண்டியைக் காசு கொடுத்து விடுபவர்களுக்கு இதுதான் கதி, நாமே செய்தால் இப்படி ஆகாது என்று முடிவுகட்டியிருந்தேன். அந்த ஒர்க்‌ஷாப்பை என் வாசலிலேயே நான் நடத்துவேன் என்று அப்போது தோன்றவில்லை.

ஆர்வத்தைப் பற்றி நாம் எல்லோரும் நல்லதாகவே பேசுகிறோம். ஜி.டி. நாயுடு கதை கோயம்புத்தூர்ப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஹோட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, அதே வண்டியை வாங்கி, பாகம் பாகமாகப் பிரித்து மறுபடியும் மாட்டினார். அந்தக் கதையை நாம் அங்கேயே நிறுத்திக்கொள்கிறோம். அதற்கப்புறம் 1920இல் அவர் ஒரு பஸ்ஸை வாங்கி பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓட்டினார். மோட்டார் சைக்கிளைப் பிரிப்பதற்கு ஆர்வம் போதும். பஸ் தினமும் ஓட வேண்டும். இன்றைக்கு மனசு சரியில்லை என்று பஸ்ஸை நிறுத்த முடியாது, பிரேக்கைப் பார்க்காமலும் எடுக்க முடியாது. அங்கே ஆர்வத்துக்குப் பதிலாக வேறொன்று வேண்டும்.

அது என்ன என்று எனக்குக் காட்டியது எங்கள் ஊர் மெக்கானிக். பைபாஸ் பக்கத்தில் சின்ன ஷெட் வைத்திருக்கிறார். சேலத்திலிருந்து திரும்பிய வாரம் வண்டியை அவரிடம் கொண்டுபோய், நடந்ததைச் சொன்னேன், பொய்யையும் சேர்த்து. திட்டுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"எனக்கும் இப்படி ஒருக்கா ஆயிருக்குது சார். அதுல இருந்து ஒரே ரூல்தான். நடுவுல போன் வந்துச்சுன்னா, யாராச்சும் கூப்டாங்கன்னா, திரும்பி வந்து மொத நட்டுல இருந்து ஆரம்பிப்பேன். பாதியில இருந்து எடுக்கவே மாட்டேன்."

"இத்தன வருஷமா இதே வேலை. அலுக்கலையா?"

"அலுக்காம? தினமும் அலுக்குது. அதுக்காக நட்ட லூசா விட முடியுங்களா?"

நான் யோசித்ததில் எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். அவருக்கு ஆர்வம் இல்லாத நாளில் பிடித்துக்கொள்ள ஒரு முறை இருக்கிறது. அந்த முறைக்குப் பின்னால், அந்த வண்டியில் யாரோ ஏறுவார்கள் என்ற நினைப்பு இருக்கிறது. என்னிடம் ஆர்வம் மட்டும்தான் இருந்தது. அது போனதும் கையில் மிச்சம் எதுவும் இல்லை. ஆர்வத்தையே அக்கறை என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன்.

அப்படியென்றால் முறையைப் பழகிக்கொண்டு நானே தொடர்ந்திருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதில் எனக்கு ஒரு ஆர்வமும் இல்லை, ஆனால் ஒரு வேளையும் தவறியதில்லை. ஆர்வமில்லாமல் நம்மால் ஒழுங்காகச் செய்ய முடிகிற காரியங்கள் நிறைய உண்டு. ஆனால் அவற்றில் சிலதுக்குத்தான் நாமே வேண்டும். டயர் மாற்ற நான் தேவையில்லை. என்னைவிட நன்றாகச் செய்கிற ஒருவர் அரை கிலோமீட்டரில் இருக்கிறார், அதில்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது. நான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது வண்டியை அல்ல, வண்டியை நானே பார்த்துக்கொள்கிறவன் என்ற பேரை. அந்தப் பேருக்காக அம்மாவையும் மகளையும் இரண்டு நட்டில் உட்கார வைத்தேன். டீக்கடையில் பொய் வந்ததும் அந்தப் பேரைக் காப்பாற்றத்தான்.

ஒரு காரியத்தில் ஆர்வம் போவதில் தப்பு எதுவும் இல்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். அது வரும், போகும். போனதைச் சொல்லாமல், உள்ளே ஒன்றும் இல்லாத கையோடு அதையே செய்துகொண்டிருப்பதுதான் தப்பு, அதுவும் அந்தக் கையை நம்பி யாராவது உட்கார்ந்திருக்கும்போது. வாத்தியார் வேலைக்கும் இது பொருந்தும், கல்யாணத்துக்கும் பொருந்தும் என்று தோன்றுகிறது. அங்கெல்லாம் விட்டுவிடுவது டயர் மாற்றுவதை விடுகிற மாதிரி அவ்வளவு சுலபமில்லை என்பதும் தெரிகிறது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஸ்பேனர் செட்டை மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டேன். புதுசாகச் சேர்ந்த பையன் அதில் பழகுகிறான். வீல் ஸ்பேனரை மட்டும் டிக்கியில் வைத்திருக்கிறேன். வெளியூர் கிளம்பும் முன் நான்கு சக்கரத்திலும் கப்பைக் கழற்றி, பதினாறு நட்டையும் தொட்டுப் பார்க்கிறேன். நடுவில் மகள் கூப்பிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. அவளுக்கு இது விளையாட்டு, வேண்டுமென்றே கூப்பிடுகிறாள்.

சேலம் போகும்போதெல்லாம் அந்த டீக்கடையில் நிறுத்துகிறேன். அந்த டிரைவரை மறுபடி பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது.