ஓராண்டுப் படிப்புதானே என்று ஒதுக்காதே!

பிளஸ் டூவில் மார்க் குறைந்துவிட்டதா? காலேஜில் சேரப் பணம் இல்லையா? கல்யாணம், குழந்தை என்று ஆனபின் படிப்பு பாதியில் நின்றுபோனதா? தென்னேரியில் தறியில் உட்கார்ந்து, "நமக்கெல்லாம் இனி எங்கே படிப்பு!" என்று பெருமூச்சு விடுகிறாயா? அந்தப் பெருமூச்சை இன்றோடு நிறுத்து! மூன்று நாடா ஓட்டிக் கோர்வைக் கரை பிடிக்கத் தெரிந்த உனக்கு, மூளை இல்லை என்று எவன் சொன்னான்?

உனக்காகவே ஒரு படிப்பு இருக்கிறது. அதன் பெயர் சமுதாயக் கல்லூரி. பள்ளியை விட்டு நின்றவர்களுக்கும், குடும்பத்தைச் சுமக்கிறவர்களுக்கும், வயது கடந்துவிட்டது என்று கூச்சப்படுகிறவர்களுக்கும் கதவைத் திறந்து வைத்த கல்லூரி. இந்தியாவில் இதற்கு வழி காட்டியதே நம் பக்கம்தான். 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் தொடங்கியது. 1996-இல் சென்னை-மயிலை கத்தோலிக்க உயர்மறை மாவட்டம் தொடங்கியது. 2002-இல் பிறந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இத்தகைய கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தந்தது. 2013-இல் பல்கலைக்கழக மானியக் குழுவே தனித் திட்டம் போட்டது. கொஞ்ச நாள் வகுப்பு, கொஞ்ச நாள் வேலையிடத்தில் பயிற்சி, கையில் தொழில் என்பதே இதன் அமைப்பு.

"ஓராண்டுச் சான்றிதழா? அதெல்லாம் ஒரு படிப்பா?" என்று திண்ணையில் உட்கார்ந்து கேலி பேசுவார்கள். பேசட்டும்! அமெரிக்காவில் 1901-இல் ஜோலியட் என்ற ஊரில் தொடங்கிய இந்த வகைக் கல்லூரி, இன்று அந்த நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. ஜில் பைடன், கணவர் அதிபராகி வெள்ளை மாளிகைக்குக் குடிபோன பிறகும், வட வர்ஜீனியா சமுதாயக் கல்லூரியில் பாடம் நடத்துவதை விடவில்லை. அதிபரின் மனைவிக்குக் கௌரவமாகத் தெரிந்த இடம், உனக்கு ஏன் இளக்காரமாகத் தெரிய வேண்டும்?

சரி, எதைப் படிப்பது? உன் ஊருக்கு எது தேவையோ அதைப் படி. கற்பித்தல், கணக்கு, காப்பாற்றுதல் என்று மூன்றைச் சொல்கிறேன்.

கற்பித்தலை எடுத்துக்கொள். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்து, பிள்ளைகள் எழுத்தையே மறந்தபோது, 2021 அக்டோபரில் அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியது. மாலை நேரத்தில் திண்ணையிலும் மரத்தடியிலும் அந்த வகுப்புகளை நடத்தியவர்கள் யார்? அந்தந்தத் தெருவில் இருந்த தன்னார்வலர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். மாதம் 1,000 ரூபாய்தான் ஊக்கத்தொகை. ஆனால், 'வீட்டில் சும்மா இருக்கிறாள்' என்று சொல்லப்பட்டவளை ஊரே 'டீச்சர்' என்று கூப்பிட்டது! முன்பருவக் கல்விப் பயிற்சி ஒன்றை முறையாக முடித்தால், நீயும் ஒரு வகுப்பறையின் முன்னால் தலை நிமிர்ந்து நிற்கலாம்.

அடுத்தது கணக்கு. பொருளாதாரம் என்றதும் டெல்லி பட்ஜெட்டை நினைக்காதே, உன் வீட்டுக் கடன் நோட்டை எடு. 'மூணு வட்டி'க்கு 50,000 ரூபாய் வாங்கினால் மாதம் 1,500. "1,500தானே" என்று கட்டிக்கொண்டே போகிறோம். ஓராண்டில் 18,000 போய்விடும். அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் அப்படியே உட்கார்ந்திருக்கும்! ஆண்டுக்கு 36 சதவீத வட்டி அது. இன்னொன்றையும் கேள். உன் தறிக்குப் பட்டுக் கடைக்காரர் பாவும் ஊடையும் ஜரிகையும் தருகிறார், கூலி தருகிறார். தார் சுற்றும் அம்மாவின் உழைப்பு அந்தக் கூலியில் எங்கே இருக்கிறது? எத்தனை பேர், எத்தனை நாள், என்ன கூலி என்று எழுதிப் பார்த்தவனே பேரம் பேச முடியும். எழுதிப் பார்க்காதவன் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருவான். காஞ்சிபுரத்தில் எளிய நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா, நகராட்சியில் எழுத்தர் வேலை பார்த்துவிட்டு மறுபடியும் படிக்கப் போனவர். பச்சையப்பன் கல்லூரியில் பொருளியலும் அரசியலும் படித்தார், பள்ளி ஆசிரியராகவும் இருந்தார், கோட்டைக்கும் போனார். இடையில் நின்ற படிப்பை மறுபடியும் தொடங்குவது தோல்வி அல்ல, தம்பி. அது நம் மண்ணின் வழக்கம்!

மூன்றாவது, காப்பாற்றுதல். அந்த அண்ணாவின் பிறந்த நாளான செப்டம்பர் 15-இல்தான், 2008-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. வாலாஜாபாத் – ஒரகடம் சாலையில் கம்பெனி பஸ்ஸும் கன்டெய்னர் லாரியும் ஓடும் வேகம் உனக்குத் தெரியும். 108 வந்து சேரும்வரை அந்த உயிர் யார் கையில் இருக்கிறது? பக்கத்தில் நிற்கிறவன் கையில்!

பேச்சும் மூச்சும் அற்றுக் கிடக்கிறவரின் நெஞ்சு நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, மறு கையை அதன்மேல் கோத்து, முழங்கை மடங்காமல் அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாத, 6-ஐத் தாண்டாத ஆழத்துக்கு. ஒவ்வொரு அழுத்தலுக்குப் பின்னும் நெஞ்சு முழுதாக மேலெழ விட வேண்டும். படித்தால் புரியும், பொம்மையில் பழகினால்தான் கைக்கு வரும். அதற்குத்தான் பயிற்சி. "தொட்டால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமே" என்று நடுங்காதே. நல்லெண்ணத்தோடு உதவுகிறவரைக் காக்க, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவே இருக்கிறது.

இப்போது கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் மந்திரக்கோல் அல்ல. அரசுத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியராக வேண்டுமானால் தொடக்கக் கல்விப் பட்டயமும் தகுதித் தேர்வும் வேண்டும். செவிலியர் ஆக வேண்டுமானால் நர்சிங் கவுன்சிலில் பதிவு வேண்டும். ஓராண்டுப் படிப்பு இவற்றுக்கு ஈடாகாது. ஆனால், அங்கே போக முதல் படி ஆகும். படியில் காலை வைக்காதவன் மாடியை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலியோடு வீடு திரும்ப வேண்டியதுதான்!

கலர் நோட்டீஸைப் பார்த்துப் பணம் கட்டி ஏமாறவும் செய்யாதே. மூன்று கேள்வி கேள். சான்றிதழில் யார் கையெழுத்து, எந்தப் பல்கலைக்கழகம் அல்லது அரசுத் துறை? பயிற்சி எங்கே, எத்தனை மாதம்? போன ஆண்டு படித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்? பதில் சொல்லத் திணறினால் எழுந்து வந்துவிடு. தங்கச்சி, நீ ஆறு முதல் பிளஸ் டூவரை அரசுப் பள்ளியில் படித்தவளா? பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐ.டி.ஐ. எதில் சேர்ந்தாலும் 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டா என்று விசாரி. தம்பிகளுக்கு 2024 முதல் 'தமிழ்ப் புதல்வன்' இருக்கிறது. கேட்டு வாங்கு, அது உன் உரிமை!

தடுப்பது வறுமை என்கிறாய். பாதி உண்மை. மீதிப் பாதி, "நம்மால் முடியுமா?" என்று நீயே போட்டுக்கொண்ட பூட்டு. மாற்றுச் சான்றிதழையும் மார்க் ஷீட்டையும் ஆதார் அட்டையையும் ஒரு உறையில் போடு. இந்த வாரமே வாலாஜாபாத்துக்கோ காஞ்சிபுரத்துக்கோ பஸ் ஏறு. விசாரி, விண்ணப்பம் வாங்கு, நிரப்பு, சேர்!