கேட்க வேண்டிய நேரம்

பிரசவ அறையிலிருந்து வெளியே வரும் செவிலியர் கையில் ஒரு தாள் இருக்கும். "யாரும்மா இந்தப் பொண்ணோட வீட்டுக்காரர்?" என்று கேட்பார். கணவர் டீ குடிக்கப் போயிருந்தால் மாமியார் எழுந்து வருவார். அவரும் இல்லையென்றால் பெண்ணின் அப்பா. யாரோ ஒருவர் பேனாவை வாங்கி, தாளைப் படிக்காமலேயே, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். கதவு மூடிக்கொள்ளும். தமிழ்நாட்டில் பிள்ளை பெற்றவர்களும் பிள்ளைப்பேற்றுக்குத் துணை போனவர்களும் இதைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள். உள்ளே படுத்திருப்பவள் நினைவோடு இருக்கிறாள், அவளால் பேச முடிகிறது, வயது இருபதைத் தாண்டிவிட்டது. ஆனாலும் தாள் வெளியேதான் வருகிறது.

சட்டம் இதை ஏற்கவில்லை. 1995-இல் டெல்லியில் நாற்பத்து நான்கு வயதுப் பெண் ஒருவர், நிற்காத உதிரப்போக்குக்காக மருத்துவரிடம் போனார். லேப்ராஸ்கோப்பி செய்து பார்க்க ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே, வெளியே காத்திருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2008 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. மருத்துவர் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, மயக்கம் தெளியும்வரை காத்திருந்து அந்தப் பெண்ணையே கேட்டிருக்க வேண்டும் என்றது. வயது வந்த, தனக்காக முடிவெடுக்கத் தெரிந்த ஒரு பெண்ணுக்காக அவளைப் பெற்ற தாய்கூடச் சம்மதம் தர முடியாது என்றது. தாயாலேயே முடியாது என்றால் வாசலில் நிற்கும் மற்றவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கருக்கலைப்பிலும் இதே நிலைதான். 1971-இல் வந்த சட்டப்படி, பதினெட்டு வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டுமே போதும். 2021-இல் அந்தச் சட்டத்துக்குத் திருத்தம் வந்தது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் திருமணமாகாத பெண்களுக்கும் இருபத்து நான்கு வாரம் வரை கருக்கலைப்பு உரிமை உண்டு என்று சொன்னபோது, குடும்பத்தாரின் ஒப்புதலைக் கேட்பது போன்ற நிபந்தனைகளுக்குச் சட்டத்தில் இடமில்லை என்பதையும் தெளிவாக்கியது. ஆனாலும் இன்றும் ஒரு பெண் தனியாகப் போய் நின்றால், "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா" என்றுதான் முதலில் சொல்கிறார்கள். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கும் துணைவரின் கையெழுத்து தேவையில்லை என்றுதான் மத்திய அரசின் வழிகாட்டி நெறிகள் சொல்கின்றன. இருந்தும் கேட்கிறார்கள், போடுகிறார்கள்.

ஆனால் என்னைப் பல காலமாக உறுத்திக்கொண்டிருப்பது சட்டம் எட்டாத வேறோர் இடம்.

என் தங்கைக்கு இரண்டாவது குழந்தை சிசேரியனில் பிறந்தது. குழந்தை அழுத சத்தம் கேட்டு நாங்கள் எல்லோரும் கதவருகே போனோம். செவிலியர் வந்து, ஆண் குழந்தை, நல்லா இருக்கு என்று சொன்னார். அதே மூச்சில், "ரெண்டாயிடுச்சு, இதோட சேர்த்து ஆபரேஷனும் பண்ணிடலாமா?" என்று கேட்டார். அம்மா, "பண்ணிடுங்கம்மா" என்றார். தங்கையின் கணவர் தலையாட்டினார். யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஒரே அறுவையில் வேலை முடிந்தது என்ற நிம்மதிதான் எல்லோர் முகத்திலும் இருந்தது.

இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஒருநாள் தங்கை அந்தப் பேச்சை எடுத்தாள். கோபமில்லை. "கேட்டிருந்தா சரின்னுதான்க்கா சொல்லியிருப்பேன். எனக்கும் ரெண்டு போதும்னுதான் இருந்துச்சு. ஆனா என்னைக் கேட்கலையே."

விடை ஒன்றாகவே இருந்திருக்கும் என்றால் கேட்காமல் விட்டதில் என்ன குறைந்துவிட்டது? நியாயமான கேள்விதான். நானும் இதை நெடுநாள் யோசித்திருக்கிறேன். இனிமேல் பிள்ளை வேண்டாம் என்பது ஒரு பெண்ணின் வாழ்க்கையில் சின்ன முடிவில்லை. அந்த முடிவை எடுத்தவளுக்கு அதன் நிம்மதியும் சொந்தம், அதிலிருக்கும் வருத்தமும் சொந்தம். பின்னாளில் மனம் அசைந்தால், "நான்தானே சொன்னேன், யோசித்துத்தான் சொன்னேன்" என்று தன்னிடமே சொல்லிக்கொள்ள முடியும். என் தங்கைக்கு அது இல்லை. அவள் உடம்பில் நடந்த ஒன்றை, தையல் வலியோடு படுத்திருந்தபோது, யாரோ போகிறபோக்கில் சொல்லித்தான் அவள் தெரிந்துகொண்டாள். நல்லதையும்கூட அப்படிக் கொடுக்கக் கூடாது என்றுதான் நினைக்கிறேன்.

அவள் தனி ஒருத்தி இல்லை. 2019-21-இல் எடுத்த ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் திருமணமான, பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் 57.8 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்ட குடும்பங்கள் 0.1 சதவீதம். ஆணுக்கான அறுவை எளிது. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம். இதே மாநிலத்தில், அன்றைய சென்னை மாநிலத்தில், 1950களின் பிற்பகுதியில் ஆண்களுக்கான அறுவையைத்தான் அரசு முன்னின்று பணம் கொடுத்து நடத்தியது என்பது இன்று பலருக்கு நம்பவே முடியாத செய்தி. நெருக்கடி நிலைக் காலம் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. 1976-77-இல் நாடு முழுக்க எண்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை அறுவை நடந்தது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆண்கள். வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்ச் செய்த கொடுமைகளுக்கு 1977 தேர்தலில் மக்கள் பதில் சொன்னார்கள். அதன்பின் அரசுகள் ஆண்கள் பக்கம் திரும்பப் பெரிதும் தயங்கின. திட்டம் நிற்கவில்லை, பெண்கள் பக்கம் திரும்பியது. ஆண்களின் உடம்பைத் தொட்டால் ஆட்சி போகும் என்று தெரிந்துகொண்டவர்கள், பெண்களின் உடம்பைத் தொட்டால் எதுவும் நடக்காது என்பதையும் தெரிந்துகொண்டார்கள்.

இதில் பெண்களின் விருப்பமே இல்லை என்று எழுதினால் அது பொய். பஞ்சாலையில் வேலை செய்யும் ஒருத்திக்கு, இன்னொரு முறை மருத்துவமனையில் படுத்தால் இன்னொரு முறை கூலி போகும். தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021 முதல் பன்னிரண்டு மாத மகப்பேறு விடுப்பு உண்டு. சட்டம் எட்டும் தனியார் நிறுவனங்களில் இருபத்தாறு வாரம். கட்டட வேலைக்கும் வயல் வேலைக்கும் போகிறவளுக்கு முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் பதினெட்டாயிரம் ரூபாய்தான் விடுப்பு. கணவர் அறுவைக்கு வர மாட்டார், ஆணுறையும் போட மாட்டார். அவள் கணக்குப் போட்டு, இதோடு முடித்துக்கொள்கிறேன் என்கிறாள். அந்தக் கணக்கு அவளுடையது. அதைக் குறைத்துப் பேச எனக்கு உரிமையில்லை. அவளாக வந்து சொல்லும்வரை யாரும் அதை அவள் சார்பில் போட வேண்டாம் என்பதே என் பேச்சு.

பெரியார் இந்த விஷயத்தில் சொன்னதை நாம் பாதிதான் எடுத்துக்கொண்டோம் என்று தோன்றுகிறது. நாட்டின் வறுமைக்காகவும் குடும்பத்தின் சொத்துக்காகவும் தாயின் உடல்நலத்துக்காகவும் கர்ப்பத்தடை வேண்டும் என்று பேசியவர்கள் அன்று பலர். அவர்களுடைய காரணம் வேறு, தன்னுடைய காரணம் வேறு என்று அவர் பிரித்துச் சொன்னார். பெண்ணின் விடுதலைக்காக அது வேண்டும் என்றார். நாம் கர்ப்பத்தடையை எடுத்துக்கொண்டோம், காரணத்தை விட்டுவிட்டோம். மக்கள்தொகை பெருகுகிறது என்றால் இரண்டோடு நிறுத்து என்று சுவரில் எழுதினார்கள். மக்கள்தொகையை வைத்து நடக்கும் தொகுதி மறுவரையறையில் தமிழ்நாடு இடங்களை இழந்துவிடும் என்ற அச்சம் வந்தபோது, 2025 மார்ச்சில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், புதுமணத் தம்பதிகள் உடனே பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்று திருமண மேடையில் சொன்னார். மாநிலத்தின் அச்சம் நியாயமானது. ஆனால் குறைக்கச் சொன்ன அரசுக்கும் கூட்டச் சொல்லும் அரசுக்கும் எண்ணிக்கைதான் கண்ணில் படுகிறது. மசக்கையில் வாந்தி எடுத்துக்கொண்டே பேருந்தில் வேலைக்குப் போகிறவள் அந்த எண்ணிக்கையில் எங்கே இருக்கிறாள்?

பிள்ளை பிறக்கும் விதத்திலும் இதைப் பார்க்கலாம். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சிசேரியன் விகிதம் 44.9 சதவீதம், நாட்டின் சராசரி 21.5. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் எடுத்தால் 63.8. இதை வைத்து மருத்துவர்களைத் திட்டி எழுதுவது எளிது, நான் அதைச் செய்யப் போவதில்லை. இந்த மாநிலத்தில் இன்று கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் செவிலியர் இருக்கிறார்கள். 2018-20 கணக்கில் உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு நாட்டில் 97 தாய்மார் இறந்தார்கள் என்றால் இங்கே 54. இது சும்மா வந்ததில்லை. கிராம சுகாதார செவிலியர்கள் தெருத்தெருவாக நடந்து கொண்டுவந்தது. மருத்துவமனையை விட்டு விலகுவதுதான் விடுதலை என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு நடுக்கம் வருகிறது. 2018-இல் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்று ஒரு பெண் உதிரம் கொட்டி இறந்துபோனார். அந்தச் சாவை மறந்துவிட்டு உரிமை பேச முடியாது.

சிசேரியனை விரும்பிக் கேட்கும் பெண்களும் இருக்கிறார்கள். நல்ல நாள் நட்சத்திரம் பார்த்துக் கேட்கும் குடும்பங்கள் தனி. நான் சொல்வது பயந்து கேட்பவர்களை. "வலியில கத்தினா திட்டுறாங்களாம், அடிக்கிறாங்களாம், தனியா விட்டுடுறாங்களாம்" என்று அக்காவும் சித்தியும் சொல்லக் கேட்டு வளர்ந்தவள், "எனக்கு வயித்தக் கீறியே எடுத்துடுங்க" என்கிறாள். அதை அவள் தேர்வு என்று எழுதிக்கொள்வது எப்படிச் சரியாகும்? வலியின்போது நம்பிக்கையான ஒரு பெண் பக்கத்தில் இருந்தால், உட்காரவும் நடக்கவும் விட்டால், கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கவில்லை என்று அவசரப்படாமல் இருந்தால், அவள் பதில் வேறாக இருக்கலாம், அதுவே இருக்கவும் செய்யலாம். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் சொன்னவைதாம் இவை. தாயும் சேயும் நலமாக இருந்தால் அந்த ஒரு சென்டிமீட்டர் கணக்கை வைத்துக் குறுக்கிட வேண்டாம் என்று அது தெளிவாகவே சொல்லியிருக்கிறது. உடன் ஒரு பெண் இருக்கலாம் என்ற ஏற்பாடு நம் அரசு மருத்துவமனைகளில் பல ஆண்டுகளாகவே உண்டு. அது நடக்கும் இடத்தில் நிலைமை மாறியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். நடக்காத இடங்களில் அந்தத் துணையும் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. எல்லாக் கேள்விகளும் பதில் சொல்ல முடியாத நேரத்தில் வருகின்றன. இடுப்பு வலி உச்சத்தில் இருக்கும்போது, முதுகில் ஊசி போட்டுப் படுத்திருக்கும்போது, பிள்ளை பிறந்த மயக்கத்தில் இருக்கும்போது. அந்த நேரத்தில் யாரைக் கேட்டாலும், எதற்கும் சரி என்றுதான் சொல்வார்கள். அவளால் முடியாது என்பதால் வெளியே கேட்கிறோம் என்கிறார்கள். முடிகிற நேரம் எத்தனை மாதம் இருந்தது! ஒன்பது மாதமும் மாதாமாதம் எடை பார்த்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் செய்தார்கள், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த மணிநேரங்களில் பத்து நிமிடம் போதும். வலி வர ஊசி போடுவது எப்போது, தையல் போடுவது எதனால், காப்பர்-டி வைப்பதென்றால் என்ன, எது வேண்டும், எது வேண்டாம். "எனக்கு ஒண்ணும் தெரியாது டாக்டர், நீங்களே பார்த்துச் செய்யுங்க" என்று ஒருத்தி சொன்னால் அதுவும் அவள் முடிவுதான். நம்பி ஒப்படைப்பதற்கும் உரிமை உண்டு. அதை அவள் வாயால் சொல்லவேண்டும், அவ்வளவே.

தங்கையின் மகள் சென்ற ஆண்டு பிள்ளை பெற்றாள். ஏழாம் மாதப் பரிசோதனைக்கு அவளோடு நானும் போயிருந்தேன். ஒரு நோட்டுத் தாளில் கேள்விகளை எழுதி எடுத்து வந்திருந்தாள். வெளியே கூட்டம் நின்றது. மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். சில பதில்கள் அவளுக்குப் பிடிக்கவில்லை. குழந்தை தலை திரும்பாவிட்டால் காத்திருக்க மாட்டேன் என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். கடைசியில் அவராகவே ஒன்றைச் சொன்னார். பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு நிற்காமல் போனால், எல்லா மருந்தும் கைவிட்டால், உயிரைக் காப்பாற்றக் கருப்பையை எடுக்க வேண்டி வரலாம், அது மிக அபூர்வம், ஆனால் வந்தால் உன்னைக் கேட்க நேரம் இருக்காது என்றார்.

அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அதுக்கு இப்பவே சரின்னு சொல்றேன் டாக்டர். ஆனா குடும்பக் கட்டுப்பாடு, காப்பர்-டி எதுவா இருந்தாலும் அப்ப வேண்டாம். நான் வீட்டுக்குப் போய், தூங்கி எழுந்து, யோசிச்சு வந்து சொல்றேன். அம்மாகிட்டயும் அவர்கிட்டயும் கேட்க வேண்டாம்" என்றாள்.

மருத்துவர் இரண்டையும் கேஸ் ஷீட்டில் எழுதி, அவளிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டார்.